சவரக்கத்தியா, சேஃப்டி ரேசரா, மெஷினா: உங்க முகத்துக்கு எதுன்னு எப்படி முடிவு பண்றது

ஷேவிங் பத்தி பேச்சு வந்தாலே முதல்ல வர்ற கேள்வி "எதுல பண்ணா நல்லா மழமழன்னு வரும்"ங்கறதுதான். அதுக்கு பதில் ரொம்ப சின்னது. கூர் நல்லா இருந்து, கோணம் சரியா இருந்து, முடி நல்லா ஊறியிருந்தா சவரக்கத்தியும் மழிக்கும், சேஃப்டி ரேசரும் மழிக்கும், அஞ்சு பிளேடை ஒரே தலையில வெச்சு, தேஞ்சா தலையையே மாத்தற கார்ட்ரிட்ஜும் மழிக்கும், சாயங்காலம் கன்னத்தை தடவிப் பாத்தா பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால இதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. பாக்க வேண்டியது வேற மூணு விஷயம், ஒரு தடவை இழுக்கும்போது தோல் மேல எத்தனை கூர் உரசிட்டுப் போகுது, பிளேடோட கோணத்தை யார் பாத்துக்கறாங்க (உங்க கையா, இல்ல ரேசரோட தலையா), அப்புறம் கூர் மழுங்கினா என்ன பண்ணப் போறீங்க, தூக்கிப் போட்டுட்டு புதுசு மாத்தறதா இல்ல உக்காந்து தீட்டறதா. இந்த மூணாவது கேள்வியை யாரும் கேக்கறதே இல்ல, ஆனா சவரக்கத்தி வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதே அதுதான்.

கத்தி, ரேசர் எல்லாத்தையும் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு முதல்ல உங்க முகத்தைப் பாருங்க. ரெண்டு நாள் ஷேவ் பண்ணாம விடுங்க, தாடி முடி ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர் கூட வளராது, அதனால ஒரு நாள் போதாது. அப்புறம் விரல் நுனியால கன்னத்துல மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல, காதுலேர்ந்து மூக்குப் பக்கம்னு எல்லா திசையிலயும் தடவிப் பாருங்க. வழுக்கிட்டுப் போனா அதுதான் முடி சாஞ்சிருக்கற திசை, சொரசொரன்னு தடுத்தா எதிர்த்திசை. கன்னத்துல பெரும்பாலும் மேலேர்ந்து கீழதான் போகும், சிக்கல் எல்லாம் கழுத்துலதான், குரல்வளைக்கு ரெண்டு பக்கமும் சில பேருக்கு பக்கவாட்டுல போகும், சில பேருக்கு கீழேர்ந்து மேல போகும், சில பேருக்கு சுழியாவே இருக்கும். இதை ஒரு பேப்பர்ல முகம் மாதிரி வரைஞ்சு அம்புக்குறி போட்டு வெச்சுக்கோங்க. எந்த ரேசர் எடுத்தாலும் இந்தப் படம் உதவும், கழுத்து எரியுதுன்னு சொல்றவங்கள்ல நிறைய பேர் திசை தெரியாம எதிர்ல இழுத்துட்டு இருக்கறவங்கதான்.

அடுத்தது முடி சுருளா நேரா, தோல்ல பொரிப்பொரியா வருதா இல்லையா. சுருட்டை முடி இருக்கறவங்களுக்கு ஷேவ் பண்ணி ஓரிரு நாள் கழிச்சு கழுத்துல சிவப்பா கட்டி கட்டியா வந்து சில சமயம் சீழ் கூட கோக்கும். அது அழுக்கால வர்றது இல்ல. வெட்டின முடியோட நுனி கூர்மையா சாய்வா இருக்கும், அது வளைஞ்சு திரும்பி தோலுக்குள்ளயே குத்தி ஏறிடும், இல்லன்னா தோலுக்குக் கீழ வெட்டுப்பட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடியே உள்ளயே பக்கவாட்டுல வளந்துடும். உடம்பு அதை வெளிப்பொருளா நினைச்சு வீங்குது. இந்தத் தொந்தரவு இருக்கறவங்க ரேசர் எடுக்கும்போது ரொம்ப ஒட்ட வெட்டுறதைத் தேடவே கூடாது, கொஞ்சம் தள்ளி வெட்டுறதைத்தான் தேடணும். இது ரொம்ப முக்கியம்ங்க, ஏன்னா விளம்பரம் எல்லாமே ஒட்ட வெட்டுறதை மட்டும்தான் பேசுது.

இப்ப கார்ட்ரிட்ஜுலேர்ந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா பெரும்பாலானவங்க கையில இருக்கறது அதுதான். ஜில்லெட் கம்பெனி 1971ல ரெண்டு பிளேடு வெச்ச ட்ராக் 2ஐ கொண்டு வந்துச்சு, 1998ல மூணு பிளேடு மாக்3, 2006ல அஞ்சு பிளேடு ஃப்யூஷன். இதுக்குப் பின்னாடி இருக்கற யோசனை என்னன்னா, முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளிய இழுத்து வெட்டும், அது திரும்ப உள்ள போறதுக்குள்ள அடுத்த பிளேடு இன்னும் கீழ வெட்டும். நேரான முடி, தடிமனான தோல் இருக்கறவங்களுக்கு இது அருமையா வேலை செய்யும், தலை தானா அசைஞ்சு கோணத்தைப் பாத்துக்கும், தூக்கக் கலக்கத்துல கூட அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டுக் கிளம்பிடலாம். ஆனா மேல சொன்ன கட்டி பிரச்சினை இருக்கறவங்களுக்கு இதே யோசனைதான் எதிரி, முடி தோலுக்குக் கீழ வெட்டுப்படுது இல்லையா. இன்னொண்ணு, ஒரு இழுப்புல அஞ்சு கூர் போகுது, நீங்க மூணு தடவை இழுத்தா ஒரே இடத்துல பதினஞ்சு தடவை உரசல். எரிச்சல் வர்ற தோலா இருந்தா இந்தக் கணக்கை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. பிளேடுகளுக்கு நடுவுல முடியும் சோப்பும் அடைச்சுக்கறதும், மாத்துற தலையோட விலையும் தனி. கார்ட்ரிட்ஜ் உங்களுக்கு ஒத்துப்போகுதுன்னா, எரிச்சல் இல்ல, கட்டி இல்லன்னா, தாராளமா அதுலயே இருங்க. யாரோ பழைய முறைதான் உசத்தின்னு சொன்னாங்கன்னு மாற வேண்டிய அவசியம் எதுவும் இல்ல.

எலெக்ட்ரிக் ஷேவர் தனி உலகம். ஜேக்கப் ஷிக் 1930ல பேட்டன்ட் வாங்கி அடுத்த வருஷமே விக்க ஆரம்பிச்சார், பிலிப்ஸ் கம்பெனி 1939ல சுத்துற தலை வெச்சதைக் கொண்டு வந்துச்சு. இன்னிக்கும் அதே ரெண்டு ஜாதிதான். ஓட்டை போட்ட மெல்லிய தகட்டுக்கு அடியில பிளேடு முன்னும் பின்னும் ஓடறது ஃபாயில், வட்டமா சுத்தறது ரோட்டரி. தினமும் ஷேவ் பண்றவங்க, முடி ஒரே திசையில போறவங்களுக்கு ஃபாயில் நல்லது, ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை பண்றவங்க, கழுத்துல சுழி இருக்கறவங்களுக்கு ரோட்டரி பரவாயில்ல. ஃபாயிலை நேரா இழுக்கணும், ரோட்டரியை சின்னச் சின்ன வட்டமா சுத்தணும், இது ரெண்டையும் மாத்திப் பண்ணிட்டு மெஷின் சரியில்லன்னு சொல்றவங்க உண்டு. புதுசா மாறும்போது முதல் ரெண்டு மூணு வாரம் தோல் கொஞ்சம் சிணுங்கும், அதுக்குள்ள முடிவுக்கு வராதீங்க. ஃபாயிலும் உள்பிளேடும் தேயும், ஒன்றரை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்லி தயாரிக்கறவங்களே போட்டிருப்பாங்க, மாத்தாம ஓட்டினா பிடுங்கும்.

மெஷின் பிளேடு அளவுக்கு ஒட்ட வெட்டாது, சில பேருக்கு அதுதான் லாபம். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, கை நடுக்கம் இருக்கறவங்க, சின்ன காயம் கூட தழும்பா தடிச்சு வளர்ற தோல் இருக்கறவங்க, கண் பார்வை குறைஞ்சவங்க, இவங்க எல்லாருக்கும் என்னோட பதில் யோசிக்காம எலெக்ட்ரிக்தான். சவரக்கத்தி மேல எவ்வளவு ஆசை இருந்தாலும் சரி. கட்டி கட்டியா வர்ற சுருட்டை முடிக்காரங்களுக்கு இன்னும் எளிய வழி ட்ரிம்மர், அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ விட்டு வெட்டிட்டா முடி நுனி தோலுக்குள்ள திரும்பவே வாய்ப்பு கம்மி. லேசா நிழல் மாதிரி தெரியும், அவ்வளவுதான், கழுத்து ஆறிடும்.

அடுத்தது ரெண்டு பக்கமும் கூர் இருக்கற பிளேடு போடற சேஃப்டி ரேசர். என்னைக் கேட்டா, இப்ப பண்ற ஷேவ்ல திருப்தி இல்லாதவங்கள்ல பெரும்பாலானவங்க வந்து நிக்க வேண்டிய இடம் இதுதான், இதை நான் மனசார சொல்றேன். கிங் கேம்ப் ஜில்லெட் 1903ல இதை விக்க ஆரம்பிச்சப்ப முதல் வருஷம் போனது வெறும் 51 ரேசரும் 168 பிளேடும்தான். அப்புறம் முதல் உலகப்போர்ல அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கு ரேசர் செட் குடுத்தது, ஊர் திரும்பினவங்க அதையே வீட்டுலயும் வெச்சுக்கிட்டாங்க, சவரக்கத்தி வீட்டை விட்டுப் போனதுக்கு இது ஒரு பெரிய காரணம். அதுக்கு முன்னாடி தானா ஷேவ் பண்ணணும்னா தீட்டத் தெரிஞ்சிருக்கணும், இல்லன்னா தெரிஞ்சவங்ககிட்ட போகணும். ஜில்லெட் எடுத்துட்டது அந்தத் தீட்டற வேலையைத்தான்.

இதுல ஒரு இழுப்புக்கு ஒரே ஒரு கூர். அந்தப் பிளேடு 0.1 மில்லிமீட்டர் தடிமன், மெல்லிசா இருக்கறதால தலைக்குள்ள வளைச்சு இறுக்கிப் பிடிக்கறாங்க, கூருக்கு முன்னாடி ஒரு தடுப்பு இருக்கு. கோணம் பாதி ரேசர் கையில, பாதி உங்க கையில. ரேசர் தலையோட மேல்பாகத்தை கன்னத்துல வெச்சு, கைப்பிடியை மெதுவா கீழ இறக்கிட்டே வாங்க, பிளேடு தோலைத் தொடற இடம் வரும், சுமாரா 30 டிகிரி, அங்க நிறுத்தி இழுங்க. அழுத்தவே கூடாது. கார்ட்ரிட்ஜ்லேர்ந்து வர்றவங்களுக்கு இருக்கற ஒரே பெரிய கஷ்டம் இதுதான், அங்க அழுத்தி அழுத்தி கை பழகிடுச்சு, இங்க ரேசரோட கனமே போதும். ஒரு அங்குலத்துக்கு மேல நீளமா இழுக்காதீங்க, சின்னச் சின்னதா இழுங்க. ரேசர் வாங்கும்போது மென்மையான வகை கேளுங்க, சீப்பு மாதிரி பல் வெச்சதும் சாய்வா முறுக்கின தலை வெச்சதும் அடர்த்தியான தாடிக்கு நல்லா இருக்கும், ஆனா கை பழகின அப்புறம் பாத்துக்கலாம். பிளேடும் ஒரே பிராண்டை கட்டு கட்டா வாங்கிடாதீங்க, ஃபெதர் மாதிரி ரொம்பக் கூரானது ஒருத்தருக்கு வெண்ணெய், இன்னொருத்தருக்கு எரியும், நாலஞ்சு பிராண்டு கொஞ்சம் கொஞ்சமா வாங்கி ஒவ்வொண்ணையும் மூணு நாலு ஷேவ் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஒரு பிளேடு மூணுலேர்ந்து ஏழு ஷேவ் வரும், பிடுங்கற மாதிரி இருந்தா அன்னிக்கே மாத்துங்க, மிச்சம் பிடிக்கற இடம் இது இல்ல. பிளேடு விலை கார்ட்ரிட்ஜ் தலையோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்ல. துண்டுல பிளேடைத் துடைக்காதீங்க, கூர் மேல இருக்கற பூச்சு போயிடும், விரலும் போயிடும்.

இப்ப சவரக்கத்தி. ஆசை வர்றது நியாயம்தான், நல்ல கத்தி ஒண்ணை கையில எடுத்துப் பாத்தா யாருக்கும் பிடிச்சுப் போகும். ஜெர்மனியில ஸோலிங்கன், இங்கிலாந்துல ஷெஃபீல்டு, பிரான்ஸ்ல தியெர்னு சில ஊர்களே இதுக்குப் பேர் போனது. ஷேவிங் பக்கமும் நியாயம் இருக்கு, ஒரே கூர், தோலோட ஒவ்வொரு மேடு பள்ளமும் கைக்குத் தெரியும், முடி வெட்டுப்படற சத்தம் காதுக்குக் கேக்கும், பிளேடுகளுக்கு நடுவுல எதுவும் அடைக்காது, கிருதாவையும் தாடி ஓரத்தையும் கோடு போட்ட மாதிரி எடுக்கலாம், வருஷக்கணக்கா குப்பை இல்ல. ஆனா கோணம், அழுத்தம், கூர் மூணுமே முழுக்க உங்க பொறுப்பு. ஷேவ் பண்றது பாதி வேலை, மீதி பாதி அந்தக் கூரைக் காப்பாத்தறது. அந்த மீதி பாதி உங்களுக்குப் பிடிக்குமான்னு உங்களையே கேளுங்க. சமையல்கட்டு கத்தியைத் தீட்டறது, ஒரு கருவியைத் துடைச்சு எண்ணெய் போட்டு வெக்கறது, இந்த மாதிரி வேலையில மனசு நிக்கறவங்களுக்கு சவரக்கத்தி ரொம்ப நாள் கூட வரும். அது சள்ளைன்னு தோணினா எவ்வளவு நல்ல கத்தி வாங்கினாலும் மூணு மாசத்துல டிராயர்க்குள்ள போயிடும்.

தீட்டறதுல ரெண்டு வேலை இருக்கு, ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. ஒண்ணு தோல் வார்ல தேய்க்கறது, இது ஒவ்வொரு ஷேவுக்கும் முன்னாடி. கூரோட நுனி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அங்கங்க வளைஞ்சிருக்கும், வார் அதை நேராக்கும். வாரை தொய்வு இல்லாம இழுத்துப் பிடிச்சு, கத்தியைப் படுக்க வெச்சு, முதுகு (கூருக்கு எதிர்ப்பக்கம் இருக்கற தடிச்ச ஓரம்) முன்னாடி போகற மாதிரி தள்ளுங்க, கூர் பின்னாடி வரணும். கடைசிக்கு வந்ததும் முதுகு மேலயே உருட்டித் திருப்பணும், கூர் மேல திருப்பினா வாரும் வெட்டுப்படும் கூரும் போகும். வாரோட ஒரு பக்கம் துணி, இன்னொரு பக்கம் தோல் இருக்கும், முதல்ல துணிப் பக்கம் இருபது, முப்பது தடவை, அப்புறம் தோல் பக்கம் நாப்பது அம்பது. வேகம் வேண்டாம், கை பழகினா தானா வரும். முதல் வாரை விலை கம்மியா வாங்குங்க, எல்லாரும் முதல் வாரை வெட்டத்தான் செய்வாங்க.

ரெண்டாவது சாணைக்கல். வார்ல தேய்ச்சும் பிடுங்குதுன்னா கல்லுக்குப் போகணும், சில மாசத்துக்கு ஒரு தடவை வரலாம், தாடி எவ்வளவு முரடு, வார்ல எவ்வளவு ஒழுங்காத் தேய்ச்சீங்கங்கறதைப் பொறுத்தது. இங்க சவரக்கத்தியோட அமைப்பு அழகா உதவும், முதுகையும் கூரையும் ரெண்டையும் ஒண்ணா கல்லு மேல படுக்க வெச்சாலே கோணம் தானா சரியா அமைஞ்சுடும், முதுகோட தடிமனையே அப்படி கணக்குப் பண்ணித்தான் செஞ்சிருப்பாங்க. அதனால கோணம் பிடிக்கத் தெரியலைன்னு பயப்பட வேண்டாம், அழுத்தாம சமமா இழுத்தா போதும். கூர் முழுசா போயிருந்தா 1000 நம்பர் கல்லுல (நம்பர் ஏற ஏற கல்லு நைசா இருக்கும்) ஆரம்பிச்சு 4000, 8000, கடைசியில 12000ன்னு போவாங்க, சும்மா புதுப்பிக்கறதுக்கு கடைசி நம்பர் கல்லு மட்டும் போதும். கல்லு தட்டையா இருக்கணும், நடுவுல குழிஞ்ச கல்லு கூரைக் கெடுக்கும். தயவு செஞ்சு சவரக்கத்தியை சக்கரம் சுத்தி கத்தி தீட்டறவங்ககிட்ட குடுத்துடாதீங்க, அந்தச் சூட்டுல மெல்லிய எஃகோட பதமே போயிடும், அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிக்காது.

வாங்கும்போது என்ன கேக்கறது? அகலம் 5/8 இல்ல 6/8 அங்குலம், நுனி வட்டமா இருக்கறது. நுனி கூரா முனையா இருக்கறது மூக்குக்குக் கீழ துல்லியமா எடுக்க நல்லது, ஆனா புதுசா பழகறவங்க காது மடல்ல குத்திக்குவாங்க. ரெண்டு பக்கமும் குழிவா தேய்ச்சு மெல்லிசாக்கின கத்தி லேசா வளைஞ்சு குடுக்கும், வெட்டுற சத்தம் நல்லா கேக்கும், ஆப்பு மாதிரி தடிச்சது கனமா இருக்கும், முரட்டுத் தாடிக்கு ஏத்தது. நடுத்தரமா பாதி குழிவு இல்ல முழுக் குழிவு வாங்கினா முதல் கத்திக்குப் போதும். கார்பன் எஃகு தீட்ட சுலபம் ஆனா ஈரம் பட்டா துருப் பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் துருவைத் தாங்கும் ஆனா தீட்ட நேரம் ஆகும். எல்லாத்தையும் விட முக்கியமா, ஷேவுக்குத் தயாரா தீட்டிக் குடுப்பீங்களான்னு கேளுங்க, புதுசா பெட்டியிலேர்ந்து எடுக்கறது நிறைய சமயம் ஷேவுக்கு ஏத்த கூர்ல இருக்காது, கூர் இல்லாத கத்தியில பழக ஆரம்பிச்சா முகமும் நோகும், கத்தி மேலயே வெறுப்பு வந்துடும். ரொம்ப மலிவா, எந்த எஃகுன்னே சொல்லாம விக்கற புதுக் கத்தி வாங்கறதுக்கு பழைய நல்ல கத்தி ஒண்ணு வாங்கித் தீட்டிக்கறது எவ்வளவோ மேல், ஆனா கூர் ஓரத்துல விரிசல் இருக்கா, துரு கூர் வரைக்கும் அரிச்சிருக்கா, முதுகு ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருக்கா, தரையில வெச்சுப் பாத்தா முறுக்கி இருக்கான்னு பாருங்க. கூர்ல விரிசல் இருந்தா விட்டுடுங்க, அதைச் சரி பண்ண முடியாது.

பழகறதுக்கு அவசரமே வேண்டாம். முதல் ஒரு வாரம் கன்னம் மட்டும், ரெண்டு பக்கமும் மேலேர்ந்து கீழ, மீதியை உங்க பழைய ரேசர்லயே முடிச்சுடுங்க. முதுகுக்கும் தோலுக்கும் நடுவுல முதுகோட தடிமன் அளவுக்கு, இல்ல அதுல ரெண்டு மடங்கு இடைவெளி இருக்கணும், அதுக்கு மேல தூக்கினா சுரண்டும், ரொம்பப் படுக்க வெச்சா பிடுங்கும். இன்னொரு கையால தோலை இழுத்துப் பிடிக்கறதுதான் பாதி வித்தை, தோல் தளர்ந்து மடிஞ்சா அங்கதான் வெட்டு விழும். கத்தியை எப்பவும் கூருக்கு நேரா செங்குத்தாத்தான் நகர்த்தணும், நீளவாக்குல வழுக்கக் கூடாது, வெங்காயம் நறுக்கற மாதிரி ஒரு நொடி வழுக்கினா தோல் திறந்துடும். கன்னம் வசமான அப்புறம் கழுத்து, கடைசியா மோவாய், மேல் உதடு. மோவாய்ல எலும்பு வளைஞ்சு முடி முரடா இருக்கும், அங்க போக ஒரு மாசம் ஆனாலும் தப்பில்ல. முதல்ல அரைமணி நேரம் ஒதுக்குங்க, ஆபீஸ் கிளம்பற காலை நேரம் வேண்டவே வேண்டாம், லீவு நாள் பாத்துப் பண்ணுங்க. கத்தி கையை விட்டு நழுவினா பிடிக்கப் போகாதீங்க, விழட்டும், தள்ளி நில்லுங்க. கழுவும்போது குழாய்ல இடிக்காதீங்க, ஒரு இடிக்கு கூர்ல பல் விழுந்துடும். முடிச்சதும் பிடிக்குள்ள ஈரம் இல்லாம துடைச்சு, கொஞ்ச நாள் எடுக்க மாட்டீங்கன்னா லேசா எண்ணெய் தடவி வெச்சுடுங்க.

"முதல்ல பிளேடு மாத்துற சலூன் கத்தியில பழகிட்டு அப்புறம் நிஜக் கத்திக்கு வரலாமா"ன்னு நிறைய பேர் கேக்கறாங்க, ரேசர் பிளேடை பாதியா உடைச்சு மாட்டுற கத்தியைச் சொல்றாங்க. தீட்ட வேண்டாம், விலை கம்மி, ஒவ்வொருத்தருக்கும் புது பிளேடு போடலாம்ங்கறதால சலூனுக்கு அதுதான் சரி. ஆனா பழகறதுக்கு அது சுலபம்ங்கறது சரியில்லைன்னுதான் நினைக்கிறேன். பாதி பிளேடோட ரெண்டு மூலையும் ஊசி மாதிரி, பிடி லேசு, கூர் விறைப்பா இருக்கும், கை கொஞ்சம் தப்பினாலும் மன்னிக்காது, தீட்டின சவரக்கத்தி குடுக்கற மென்மை அதுல கிடையாது. அதுல ரெண்டு தடவை வெட்டிக்கிட்டு சவரக்கத்தியே நமக்கு ஆகாதுன்னு விட்டவங்க இருப்பாங்க. தீட்டற வேலை வேண்டாம் ஆனா கத்தி பிடிச்சுத்தான் ஷேவ் பண்ணணும்னா அதுக்கு இது சரியான சாதனம், அதை அதுவா நினைச்சுப் பழகுங்க. சலூன்ல உக்காந்தா புது பிளேடை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க, சங்கடப்படாதீங்க, ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளிய ஏழு நாள் வரைக்கும் கூட உயிரோட இருக்கும். அதே காரணத்துக்கு வீட்டுல அண்ணன் தம்பியா இருந்தாலும் ரேசரை மாத்திக்காதீங்க.

எந்த வழி எடுத்தாலும் தண்ணிக்கும் நுரைக்கும் நேரம் குடுங்க (தண்ணி இல்லாம ஓட்டற எலெக்ட்ரிக் ஷேவர் மட்டும் விதிவிலக்கு, அதுக்கு முகம் காஞ்சிருக்கணும்). 2020ல அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பிளேடு எப்படி மழுங்குதுன்னு மைக்ராஸ்கோப் வெச்சுப் பாத்தாங்க, எஃகை விட முடி அம்பது மடங்கு மெத்துன்னு இருந்தும் முடி வளைஞ்சு குடுக்கும்போது கூரோட பலவீனமான இடத்துல சில்லு சில்லா பேந்துடுதுன்னு கண்டுபிடிச்சாங்க. அப்ப கூருக்கே இந்த கதின்னா, காஞ்ச முடி தோலை என்ன பாடு படுத்தும்னு பாத்துக்கோங்க. வெதுவெதுப்பான தண்ணியில மூணு நிமிஷம் முடி ஊறணும், குளிச்ச உடனே பண்றது உத்தமம். பிரஷ் வெச்சு சோப்பை நல்லா கலக்கி, தயிர் மாதிரி கெட்டியா மினுமினுன்னு வர்ற வரைக்கும் சொட்டு சொட்டா தண்ணி சேருங்க, காத்து குமிழியா நிக்கற நுரை பாக்க நல்லா இருக்கும் ஆனா வழுக்காது. முதல் சுத்து முடி போற திசையில, மறுபடி நுரை போட்டு ரெண்டாவது சுத்து குறுக்கால. எதிர்த்திசை சுத்து எல்லாருக்கும் தேவையில்ல, கட்டி வர்றவங்க அந்தப் பக்கமே போகாதீங்க. முடிஞ்சதும் குளிர்ந்த தண்ணி, அப்புறம் ஈரமான படிகாரக் கட்டியை முகம் பூரா தடவுங்க, சின்ன வெட்டு நிக்கும், அதோட சுரீர்னு எரியற இடம் எதுன்னு கவனிச்சா நீங்க எங்க அழுத்தினீங்கன்னு அதுவே காட்டிக் குடுத்துடும், பழகற காலத்துல இதை விட நல்ல வாத்தியார் கிடையாது. ஒரு நிமிஷம் கழிச்சு கழுவிட்டு வாசனை கம்மியான மாய்ஸ்சரைசர் போடுங்க.

பயணம் அதிகம் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. விமானத்துல கையில கொண்டு போற பையில சவரக்கத்தியும் தனி பிளேடும் பெரும்பாலும் விட மாட்டாங்க, கார்ட்ரிட்ஜையும் எலெக்ட்ரிக்கையும் பொதுவா விடுவாங்க, அதனால வீட்டுல எது வெச்சிருந்தாலும் பைக்கு ஒரு கார்ட்ரிட்ஜோ சின்ன மெஷினோ தனியா இருக்கட்டும். சவரக்கத்தி எடுத்தவங்களும் சேஃப்டி ரேசரை விக்காதீங்க, கல்லுக்குப் போயிருக்கற வாரத்துல அதுதான் கை குடுக்கும்.

எதுக்கு மாறினாலும் ஒரே நேரத்துல ரேசர், சோப்பு, பிளேடு, லோஷன் எல்லாத்தையும் மாத்தாதீங்க, எரிச்சல் வந்தா எதனாலன்னே தெரியாது. ரேசரை மட்டும் மாத்துங்க, மூணு வாரம் அதோட போங்க, கழுத்துல கட்டி குறைஞ்சிருக்கா, நேரம் கட்டுப்படியாகுதா, கழுவித் துடைச்சு வெக்கறதுல அலுப்பு வருதான்னு பாருங்க. தீட்டறது பிடிக்குமான்னு சந்தேகமா இருந்தா சவரக்கத்திக்கு முன்னாடி ஒரு சாணைக்கல் மட்டும் வாங்கி சமையல்கட்டு கத்தியை சில தடவை தீட்டிப் பாருங்க, அதுலயே பொறுமை போச்சுன்னா கத்திக் காசு மிச்சம். சேஃப்டி ரேசர் எடுத்தவங்க தேஞ்ச பிளேடை வெறுமனே குப்பையில போடாதீங்க, குப்பை அள்ளறவங்க கை கிழியும். மூடி இறுக்கமான ஒரு தகர டப்பாவுல காசு போடற மாதிரி சின்ன வெட்டு போட்டு அதுக்குள்ள சேத்து வெச்சு, நிறைஞ்சதும் டேப் சுத்தி மேல பிளேடுன்னு எழுதிக் குடுங்க.